மாற்றுப்பெயர் ராணி

அன்று கார்த்திகேசு பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தார். ஈப்போவில் குளிர்சாதன ஹோட்டலில் நடக்கிற கருத்தரங்குக்கு வேட்டி எதற்கு என்று மகள் சரளா கேட்டாள்.

"மேடையில பேசப்போறது யாரு? அப்பாவு பேத்தி. அந்த மரியாதைக்குத்தான்," என்றார்.

நில அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதுகு இன்னும் கதவுச் சட்டம் மாதிரி நேராகத்தான் இருந்தது. கோயில் கமிட்டிக்காரர்களை எல்லாம் அவரேதான் கூப்பிட்டு வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். ஹேவர்டன் ரப்பர் தோட்டம் வீடமைப்புக்காரனுக்கு விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டபோது, அங்கிருந்த காளியம்மன் கோயிலைப் பெயர்த்துக் கொண்டுவந்து புந்தோங்கில் வைத்த கூட்டம் அது. கோயிலை ஒட்டிப் புதிதாக ஒரு மண்டபம் கட்டி முடித்திருந்தார்கள். தோட்டத்தில் அந்தக் கோயிலை முதன்முதலில் எழுப்பியவர் என்பதால் கார்த்திகேசுவின் தகப்பனார் அப்பாவுவின் பெயரை அதற்கு வைப்பதென்றும், வாசலில் அவர் படத்தை மாட்டுவதென்றும் முடிவாகியிருந்தது. திறப்பு விழா அடுத்த மாதம். அதற்கு முன் அந்த அப்பாவுவின் பேத்தி டாக்டர் பட்டத்துக்குப் படிப்பதை ஊர் பார்க்கட்டுமே என்பது கார்த்திகேசுவின் எண்ணம்.

சரளா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர். தாய்மொழி ஒன்று இருக்கிறவர்கள் இரண்டாவது மொழியை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவள் படிப்பு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத தோட்டத்துப் பெண்கள் மலாய் மொழியை எங்கே, யாரிடம் கற்றார்கள், எந்த நேரத்தில் தமிழை விட்டு மலாய்க்குத் தாவுகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்திருந்தாள். மேடையில் நன்றாகத்தான் பேசினாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் குறிப்பெடுத்தார்கள். கார்த்திகேசு பக்கத்தில் இருந்த தனேஸ்வரனைப் பார்த்து ஒரு தடவை புருவத்தை உயர்த்தினார். தனேஸ்வரன் கோயில் கமிட்டியின் செயலாளர், தலையை ஆட்டுவதில் கெட்டிக்காரர், ஆட்டினார்.

"இப்ப ஒரு குரலைக் கேக்கலாம்," என்றாள் சரளா. "இவங்க பேரு ராணி. மாற்றுப்பெயர்தான். எழுபதைத் தாண்டினவங்க. முன்னாள் பால்மரத் தொழிலாளி. செத்துப் போயிடுவோம்னு பயந்த நேரம் ஏதாவது இருந்துச்சான்னு கேட்டேன். இப்படிக் கேட்டா மனுஷங்க ரெக்கார்டரை மறந்துட்டு இயல்பா பேசுவாங்க. இது எங்க துறையில ரொம்ப நாளா இருக்கிற முறை."

திரையில் ராணி என்ற பெயரும் கீழே எழுத்துகளும் வந்தன. குரல் வந்தது. ஆண்பிள்ளைக் குரல் மாதிரி அடித்தொண்டையில் கரகரத்தது.

"அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு இருக்கும். கணக்கெழுதற கிராணியோட மச்சானுக்கு என்னைக் கட்டிக் குடுக்கறதாப் பேசிட்டாங்க. பொண்டாட்டி செத்தவன். நான் மாட்டேன்னுட்டேன். சாயந்திரம் ரப்பர் ஷீட்டுக் காயப்போடற பொகை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க..."

அங்கே ஒரு மூச்சு. பிறகு குரல் மலாய்க்கு மாறியது.

"சாயா புஞா பாப்பாக் செண்டிரி குஞ்சி பிந்து. அசாப் பாஞாக். சாயா ஃபிக்கிர் சுடா மாத்தி."

என் சொந்த அப்பாவே கதவைப் பூட்டினார். ஒரே புகை. செத்தேன் என்று நினைத்தேன். அந்த அரங்கில் மலாய் தெரியாதவர் ஒருவரும் இல்லை. யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"விடிகாலையில பக்கத்து கம்பத்து மலாய்க்காரம்மா மக் சோம் வந்து பூட்டை ஒடைச்சா. அதுலேர்ந்துதான் தொண்டை இப்படி."

குரல் நின்றது. "கவனிச்சீங்களா?" என்றாள் சரளா. அவள் கையிலிருந்த விளக்கின் சிவப்புப் புள்ளி, 'பாப்பாக்' என்ற சொல்லின் மேல் போய் உட்கார்ந்தது. "கதையோட உச்சம் இதுதான். சரியா இங்கதான் மொழி மாறுது. தாய்மொழியில சொல்ல முடியாததைச் சொல்றதுக்கு இரண்டாம் மொழி ஒரு தூரத்தைக் குடுக்குது..."

தனேஸ்வரன் மெதுவாகச் சாய்ந்தார். "அண்ணே, இது நம்ம மங்களம் அக்கா குரல்லா?"

மங்களம் கார்த்திகேசுவின் உடன்பிறந்த அக்கா. பின்வரிசையில் இரண்டு பெண்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹேவர்டன் லயத்தில் பிறந்த யாருக்கும் அந்தக் குரல் தெரியாமல் இருக்க முடியாது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டில் பேர் கூப்பிடும்போது மங்களத்தின் 'இருக்கேன்' மட்டும் தனியாகக் கேட்கும். சின்ன வயதில் அம்மை போட்டதில் தொண்டை போய்விட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். கார்த்திகேசுவும் அதைத்தான் நம்பி வளர்ந்தார். அக்கா சொல்கிற காலத்தில் அவர் இன்னும் நடை பழகாத குழந்தை.

அவர் எழுந்தார். மகள் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே நடு வழியில் நடந்து வெளியே போனார்.

அன்று சாயந்திரம் வீடு ரணகளமானது.

"பேரை மாத்திட்டேன்பா. தோட்டத்துப் பேரை எடுத்துட்டேன். எல்லா விதியும் பாத்துத்தான் செஞ்சேன்," என்றாள் சரளா.

"குரலை மாத்தினியா?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இம்புட்டுப் படிச்சிருக்கியே, குரலுக்கும் பேர் இருக்குன்னு உங்க புரொஃபசர் ஒருத்தன்கூடச் சொல்லித் தரலையா? அங்க உக்காந்திருந்தவன்ல பாதிப் பேரு அந்த லயத்துல பொறந்தவன். அவனுங்களைக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சது நான்! எங்கப்பன் பேரு நாறறதை முன்வரிசையில உக்காந்து கேளுங்கடான்னு நானே கூட்டிட்டு வந்திருக்கேன்!"

"நீங்க அவங்களையெல்லாம் கூப்பிடுவீங்கன்னு எனக்குத் தெரியாதுப்பா."

"அப்ப யாரும் தெரிஞ்சவங்க இல்லாத எடத்துல போட்டுக் காட்டலாம், அப்படித்தானே? பேசற வார்த்தையை எண்ணறியே, என்ன சொல்றாங்கன்னு காதுல விழலையா உனக்கு? உன் சொந்த அத்தை!"

சரளா சோபாவில் உட்கார்ந்தாள். "முதல் தடவை கேட்டப்ப அழுதேன். ரெண்டு நாள் சாப்பிடலை. அப்புறம் எழுத்துல எறக்கணும்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். எங்க மூச்சு விடறாங்க, எங்க மொழி மாறுதுன்னு. கேக்கக் கேக்க அது..." அவள் குரல் தணிந்தது. "டேட்டா ஆயிடுச்சுப்பா."

கார்த்திகேசுவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் கை ஓங்கிவிட்டது. வளர்ந்த பெண்ணை அடித்துப் பழக்கமில்லாததால் அதே கையால் மேசை மேலிருந்த கண்ணாடித் தட்டைத் தள்ளினார். உடைந்தது. அதை அள்ளவும் அவர் விடவில்லை. "அழிக்கணும். எங்கெங்க வச்சிருக்கியோ அங்கெல்லாம் அழிக்கணும். உன் படிப்பு என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்ல."

"நான் நெனச்சா அழிக்க முடியாதுப்பா. பேசினவங்க சொன்னாத்தான். அத்தை வந்து வேணாம்னு சொன்னா, அடுத்த நிமிஷம் எடுத்துடுவாங்க. அதுதான் விதி."

மறுநாள் தனேஸ்வரன் போன் செய்தார். நலம் விசாரித்தார். மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம பேருக்கு ஒண்ணும் இல்லண்ணே. பொம்பளைங்கதான் பேசறாங்க. பொண்ணைப் பூட்டிவச்சவரு படத்தைக் கோயில்ல மாட்டலாமான்னு. நான் சொன்னேன், அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்லா, இதெல்லாம் பெரிசு பண்ணாதீங்கன்னு. ஆனா அந்த ரெக்கார்டிங் இருக்கிற வரைக்கும் பேச்சு அடங்காதுண்ணே. வாட்ஸ்அப்ல வேற ஏதோ சுத்துதாம்."

"சுத்தாது. நான் பாத்துக்கறேன்."

"அப்ப படத்தை ஆர்டர் பண்ணிடவா?"

"பண்ணு. பெரிசாவே பண்ணு."

போனை வைத்ததும் அக்காவைக் கூப்பிட்டார். மங்களம் பெர்ச்சாமில் தனியாக இருந்தாள். லாரி ஓட்டின புருஷன் போன பிறகு டெலிவிஷனும் இரண்டு கோழிகளும்தான் துணை. "வியாழக்கிழமை தயாரா இரு. கோலாலம்பூர் யுனிவர்சிட்டிக்குப் போய் அதை அழிக்கச் சொல்லணும்," என்றார்.

எதை என்று அவள் கேட்கவில்லை. "சரி" என்றாள்.

வியாழக்கிழமை கார் கிளம்பியது. கோப்பெங்கைத் தாண்டும்வரை மங்களம் சுண்ணாம்பு மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் சரளா மடிக்கணினிப் பையைக் கட்டிப் பிடித்திருந்தாள். கார்த்திகேசு, பேராசிரியரிடம் பேச வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடி ஓட்டினார். மரியாதையாகத் தொடங்கி, அவமரியாதையாக முடிப்பதென்று வைத்திருந்தார்.

சரளாவின் ஆய்வுக்கு வழிகாட்டியான பேராசிரியர் யுகேந்திரன் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மரியாதை தெரிந்த மனிதர், அதுவே கார்த்திகேசுவுக்கு எரிச்சலாக இருந்தது. "நானும் தோட்டத்துப் பிள்ளைதான் ஐயா. சித்தியவான் பக்கம். எங்க பாட்டிமார் காலத்துப் பேச்சு அழியறதுக்குள்ள பதிஞ்சு வைக்கணும்னுதான் இந்த வேலையையே தொடங்கினோம்," என்றார்.

"உங்க பாட்டியைப் பதிஞ்சீங்களா?"

"இல்ல ஐயா, அவங்க..."

"அதானே. எங்க வீட்டுப் பொம்பளைதான் கெடைச்சாங்க."

யுகேந்திரன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மங்களத்திடம் நீட்டினார். "அம்மா, இது முழுக்க உங்க உரிமை. வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். காரணம்கூடச் சொல்ல வேணாம்."

"சொல்லுக்கா," என்றார் கார்த்திகேசு.

மங்களம் பாட்டிலை மேசையில் வைத்தாள். "நான் ஒரு தடவை கேக்கணும்."

சரளா தயங்கிக்கொண்டே கணினியைத் திறந்தாள். அந்தச் சின்ன அறையில் குரல் இரண்டாக ஆனது, பெட்டிக்குள் ஒரு மங்களம், நாற்காலியில் ஒரு மங்களம். கேட்டு முடிக்கும்வரை அவள் கண் இமைக்கவில்லை. திரையில் ஓடிய எழுத்துகளை விரலால் சுட்டினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"இது யார் பேரு?"

"ராணின்னு போட்டிருக்கு அத்தை."

"எந்த ராணி?"

"உங்க பேரை மறைக்கறதுக்காக அம்மா," என்றார் யுகேந்திரன்.

"சரி. தம்பி, நீங்க இதைக் கேட்டிருப்பீங்க இல்ல? கேட்டப்ப என்ன நெனச்சீங்க?"

பேராசிரியர் முகம் மலர்ந்தது. தெரிந்த பாடத்தில் கேள்வி வந்த பிள்ளை மாதிரி ஆனார். "ரொம்ப அரிய பதிவும்மா. நீங்க சரியா அந்த எடத்துல மலாய்க்குப் போறீங்க பாருங்க, அது தற்செயல் இல்ல. அதுவும் 'சாயா புஞா'ன்னு சந்தை மலாய் அமைப்பு. யாரும் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்காம..."

"நான் செத்துப் பொழைச்சதைச் சொல்றேன்," என்றாள் மங்களம். அவள் குரலை உயர்த்தவில்லை, அந்தக் குரல் உயரவும் உயராது. "நீங்க நான் எப்படிப் பேசறேன்னு பாக்கறீங்க. இவ வந்து மைக்கை வச்சுக் கேட்டப்ப, இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தி கேக்கறாளேன்னுதான் சொன்னேன். அவளும் 'இன்னும் கொஞ்சம் சத்தமா அத்தை'ன்னா."

சரளா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அழிக்க வேணாம்," என்றாள் மங்களம். "ராணியை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க. மங்களம், அப்பாவு மக. ஹேவர்டன் தோட்டம். எல்லாம் போடுங்க."

"அக்கா!" கார்த்திகேசு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "என்ன பேசறே? இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?"

அவள் பதில் சொல்வதற்குள் யுகேந்திரன் குறுக்கிட்டார். "இல்லம்மா, அது முடியாது. எல்லாருக்கும் மாற்றுப்பெயர்தான்னு ஆய்வு நெறிக் குழுவுக்கு எழுதிக் குடுத்து அனுமதி வாங்கியிருக்கோம். நீங்க வேணாம்னா முழுசா எடுத்துடலாம். ஆனா சொந்தப் பேரைப் போட முடியாது. இது உங்க பாதுகாப்புக்குத்தான்."

"யார்கிட்டேருந்து பாதுகாப்பு? அவரு செத்தே போயிட்டாரு."

"பொதுவான விதிம்மா. பாதிக்கப்படக்கூடியவங்கன்னு ஒரு வகை இருக்கு. வயசானவங்க, படிக்காதவங்க..."

கார்த்திகேசு எழுந்த வேகத்தில் அக்காவைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் படிக்காதவங்க என்ற சொல் அவர் காதில் விழுந்தது. அதைச் சொன்னவன் தன்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவன். சொல்லப்பட்டது தன் அக்காவை, தன் கண்ணெதிரில்.

"நிறுத்துங்க!" அடுத்த அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எங்கக்கா பேரு என்ன கெட்ட வார்த்தையா, புத்தகத்துல போடக்கூடாதுங்கறதுக்கு? அவங்க குரல் வேணும், அவங்க பட்ட பாடு வேணும், உங்களுக்குப் பட்டம் வாங்க அது எல்லாம் வேணும். பேரு மட்டும் வேணாமா? எங்கேயோ கெடக்குற ஒரு ராணிக்குத் தூக்கிக் குடுத்துருவீங்களா?"

"ஐயா, நீங்கதானே இதை எடுக்கச் சொல்லி..."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! நான் அவங்க தம்பி. வேணாம்னு சொல்ல எனக்கே உரிமை இல்லைன்னு உங்க விதி சொல்லுதாம். அப்ப அவங்க போடுங்கறப்ப முடியாதுன்னு சொல்ல நீங்க யாரு? குழுவுக்கு எழுதுங்க. இப்பவே எழுதுங்க."

"எழுதலாம் ஐயா. ஆனா ஆய்வேட்டைக் குடுக்க வேண்டிய தேதி நெருங்கிடுச்சு. அவங்க ஒத்துக்கவும் மாட்டாங்க. நான் பொய் சொல்ல விரும்பல."

கார்த்திகேசு இன்னும் என்னவெல்லாமோ கத்தினார். மங்களம் எழுந்து, மேசையில் இருந்த தன் கைப்பையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"விடு தம்பி. சரளா, பேரு இல்லாம அது எனக்கு வேணாம். அழிச்சிரு."

"அம்மா, கொஞ்சம் யோசிச்சு..." யுகேந்திரன் முதன்முறையாகப் பதறினார். "அந்த அத்தியாயமே இந்தப் பதிவு மேலதான் நிக்குது. இவங்க இன்னும் ஒரு வருஷம்..."

"காரணம் சொல்ல வேணாம்னு சொன்னீங்களே," என்றாள் மங்களம்.

சரளா பேராசிரியரைப் பார்க்கவில்லை. கோப்பைத் தேடினாள், அழித்தாள். துறையின் சேமிப்பில் இருந்த நகலையும் யுகேந்திரனைக் கொண்டே திறக்க வைத்து அழித்தாள். அழுதுகொண்டேதான் செய்தாள். கை நிற்கவில்லை.

எதற்காக வந்தாரோ அது கார்த்திகேசுவின் கண்முன்னே நடந்து முடிந்தது. தனேஸ்வரனுக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லலாம். அவருக்கோ, வீட்டில் திருடு போனதைப் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

கீழே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். மங்களம் பால் சேர்க்காத தே ஓ கேட்டாள். சரளா தள்ளி வேறு மேசையில் உட்கார்ந்தாள், அப்பா பக்கம் வரத் துணியவில்லை. கார்த்திகேசு பேராசிரியரைத் திட்டினார், குழுவைத் திட்டினார், நெடுஞ்சாலையைக்கூடத் திட்டினார். மங்களம் தேநீரை ஆற்றிக் குடித்தாள்.

"அன்னைக்கிலேர்ந்து குதிக்கறே," என்றாள். "யாரு கேட்டா, யாரு காதுல விழுந்துச்சுன்னுதான் குதிக்கறே. நெசமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அவர் கார்ச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பொய்யின்னு நெனச்சிருந்தா அன்னைக்கே வந்து என்னை ஏசியிருப்பே. ஏசலை. அப்ப நெசம்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கேக்கலை."

கார்த்திகேசு கேட்டார். "அம்மா எங்க இருந்தாங்க அப்ப?"

"வீட்டுல அடுப்புக்கிட்ட. உன்னை மடியில போட்டுக்கிட்டு. சாவி அம்மா முந்தானையிலதான் முடிஞ்சிருந்துச்சு. அதனாலதான் மக் சோம் பூட்டை ஒடைக்க வேண்டியதாப் போச்சு. கேட்டா அம்மா குடுத்திருக்க மாட்டாங்க." கோப்பையைக் கீழே வைத்தாள். "இதை இவகிட்டச் சொல்லலை. மைக்குல சொல்ற விஷயமா இது?"

கார்த்திகேசு யாரையாவது திட்ட வேண்டும் போல் சுற்றிலும் பார்த்தார். மாணவர்கள் தட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள். திட்ட வேண்டியவர்கள் இரண்டு பேரும் செத்து எரிந்து சாம்பலாகி வெகு காலமாகிறது. ஒருவர் இன்னும் சில வாரத்தில் மாலை போட்டுக்கொண்டு வாசலில் தொங்கப் போகிறார்.

போனை எடுத்தார்.

"தனேசு. படத்தை நிறுத்து. மண்டபத்துக்குப் பேரும் வேணாம்."

"என்னண்ணே, இப்பதான் சரளா மெசேஜ் அனுப்பிச்சிருந்துச்சு, ரெக்கார்டிங்கை அழிச்சாச்சுன்னு? இனி யாருண்ணே பேசப் போறா? ஃபிரேமுக்கு முன்பணம்கூடக் குடுத்துட்டேன்லா."

"நிறுத்துன்னா நிறுத்து."

"கமிட்டி காரணம் கேக்குமே. என்னன்னு சொல்ல?"

கார்த்திகேசு அக்காவைப் பார்த்தார். அவள் மேசையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதை நான் சொல்லக்கூடாது. எங்கக்காகிட்டக் கேளு. கமிட்டி மொத்தமும் பெர்ச்சாம் வீட்டுக்குப் போங்க. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, உக்காந்து, அவங்க முடிக்கிற வரைக்கும் வாயைத் தொறக்காமக் கேளுங்க. எவனாவது அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்னு சொன்னான்னு தெரிஞ்சுது, அவன் என் வீட்டு வாசல்படி மிதிக்கக்கூடாது. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

போனை வைத்தார். தள்ளி இருந்த மேசையிலிருந்து சரளா எழுந்து வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"இன்னும் என் மேல கோபமாப்பா?"

"ஆமா," என்றார். "காரை எடுத்துட்டு வா. அத்தைக்கு முன்சீட்டு."